கறுப்புக் கண்ணாடியும் கொஞ்சம் பொறாமையும்

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரோட்டத்துக்குப் போன பானுப்பிரியா கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தாள். அன்றிலிருந்து அனுசியாவுக்கு வயிறு எரிந்தது.

கண்ணாடியின் ஓரத்தில் தங்க நிறக் கோடு வேறு! ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன் என்று அனுசியா கேட்டதற்கு, "விரல் ரேகை பட்டுரும்ட்டி" என்று சொல்லிவிட்டாள். இவள்தான் உயிர்த்தோழியாம்!

சனிக்கிழமை காலை, ராஜபாளையத்தில் தன் பட்டறையில் அனுசியாவின் அப்பா சமுத்திரம் ஒரு கேட்டுக்கு வெல்டிங் வைக்க ஆரம்பித்தார். வெளியே நின்ற பானுப்பிரியா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

"இதைப் போட்டா வெல்டிங்கையே நேராப் பாக்கலாம். பாக்கட்டா?"

அது தப்பு என்று அனுசியாவுக்குத் தெரியும். ஒருமுறை முகமூடி போடாமல் வெல்டிங் வைத்த அப்பா, கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் துடித்ததைப் பார்த்திருக்கிறாள்.

'பாக்கட்டும். கண் சிவக்கட்டும். அந்தக் கண்ணாடியைத் தூக்கி எறியட்டும்' என்றது மனசு. அப்படி நினைத்தது அனுசியாவுக்கே பிடிக்கவில்லை. சட்டென்று போய் மறித்து நின்றாள்.

"பாக்காதட்டி! கண்ணு கெட்டுரும்."

"உனக்குப் பொறாமை!"

"ஆமா, பொறாமைதான்! அதுக்காக நான் சொல்றது பொய்யாகிருமா?"

பானுப்பிரியா கண்ணாடியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இம்புட்டு கறுப்பா இருக்கே, வெளிச்சம் எப்படி உள்ள வரும்?" என்று முணுமுணுத்தாள்.

அப்பாவின் இன்னொரு முகமூடியை எடுத்துக்கொண்டு, அனுசியா அவளை எதிரே இருந்த இம்மானுவேல் அண்ணன் கடைக்கு இழுத்துப் போனாள். கள்ளநோட்டைக் கண்டுபிடிக்க அவர் ஒரு சின்ன டார்ச் வைத்திருந்தார். அதை வாங்கி, இருட்டு மூலையில் தன் வெள்ளைச் சட்டைமேல் அடித்தாள். மங்கலான ஊதா வெளிச்சம்தான். சட்டையோ நீலமாகப் பளபளத்தது.

"கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர்தான் இப்படி மின்ன வைக்குது. வெல்டிங்ல இது எக்கச்சக்கமா வரும்."

டார்ச்சுக்கும் சட்டைக்கும் நடுவில் பானுப்பிரியாவின் கறுப்புக் கண்ணாடியை வாங்கிப் பிடித்தாள். சட்டை அப்படியே மின்னியது. முகமூடியின் கண்ணாடியைப் பிடித்தாள். மின்னுவது நின்றுவிட்டது.

"சாதா வெளிச்சம் கூசுனா கண்ணு தானா மூடிக்கிடும். இது தெரியாதுல்ல, மூடாது. சாதா வெளிச்சத்தவிட சக்தியும் இதுக்குத்தான் ஜாஸ்தி. கண்ணு, தோலு எல்லாத்தையும் கெடுத்துரும். நீ கறுப்புக் கண்ணாடி போட்டா, இருட்டுன்னு நினைச்சு கண்ணுப் பாப்பா நல்லா விரிஞ்சு 'வாங்க, வாங்க'ன்னு அதைக் கூப்பிடும்!"

"ஏட்டி டீச்சரு, டார்ச்சைக் குடுத்துட்டுப் பேசு" என்று இம்மானுவேல் அண்ணன் சிரித்தார்.

பானுப்பிரியா கண்ணாடியை மடித்துப் பைக்குள் போட்டாள். அவள் முகம் சுருங்கிப் போயிருந்தது. ஜெயித்தும் அனுசியாவுக்குச் சந்தோஷமாக இல்லை.

"வா, முகமூடி வச்சுப் பாக்கலாம். தள்ளியே நிக்கணும். முதல்ல நீ பாரு."

பட்டறைக்கு வெளியே தள்ளி நின்று பானுப்பிரியா முகமூடியை மாட்டினாள். அனுசியா பட்டறைக்கு முதுகு காட்டி நின்றுகொண்டாள்.

"ஏட்டி! பச்சையா, குட்டி நட்சத்திரம் மாதிரி இருக்கு!"

"போதும், எனக்குக் குடு."

"இரு, செத்த நேரம்" என்றாள் பானுப்பிரியா. கொஞ்சம் கழித்து முகமூடிக்குள்ளிருந்து பெருமூச்சு வந்தது. "எங்க அப்பாகிட்ட இப்படி ஒண்ணு இல்லையே!"

அந்தக் குரலில் அத்தனை பொறாமை. அதைக் கேட்க அனுசியாவுக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா!