பாதி மெத்தை

அந்த வீட்டுக்கு நான் வந்து சேர்ந்த காலையிலும் மழைதான். இந்த ஊரில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை. இங்கே மழை பெய்கிறது என்று யாரும் சொல்வதில்லை, எப்போதாவது வெயில் அடித்தால்தான் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள். என் பெட்டியின் பிடி நனைந்து பிய்ந்து கையோடு வந்துவிட்டது. பெட்டியைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு பழைய மூன்று மாடி வீட்டின் முன்னால் நின்று மணியை அழுத்தினேன்.

வீட்டுக்காரம்மா கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, செருப்பைத்தான் பார்த்தார்.

"அதை வெளியிலயே விடு தம்பி. உள்ள ஏற்கெனவே போதுமான தண்ணி இருக்கு."

மாடிப்படி முழுக்க ஈரத்துணி நாற்றம். சுவரில் கை வைத்தால் கை வழுக்கியது. மேல்மாடியில் ஓர் அறை, அதில் ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி, ஒரு கட்டில், கட்டிலில் ஒரு மெத்தை. அந்த மெத்தையில் பாதிதான் எனக்கு என்று தரகர் முன்பே சொல்லியிருந்தார். பாதி என்றால் இடது பக்கம், வலது பக்கம் என்ற கணக்கு இல்லை. பகல் எனக்கு, இரவு இன்னொருவருக்கு. வாடகை யானை விலை குதிரை விலை விற்கிற ஊரில் இப்படியும் ஒரு ஏற்பாடு உண்டு, யாரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

எனக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. அவருக்குக் குளிர்கிடங்கில் பகல் வேலை, பெட்டி தூக்குவது. நான் வரும்போது அவர் போயிருப்பார், அவர் வரும்போது நான் போயிருப்பேன்.

"நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியே பாத்துக்க வேணாம்," என்றார் வீட்டுக்காரம்மா, ஏதோ பெரிய வசதியைச் சொல்வதுபோல. "சண்டையே வராது பாரு."

சண்டை வரவில்லை. அவருக்கு என்ன பெயர் என்றுகூட நான் கேட்கவில்லை. மனதுக்குள் ராத்திரிக்காரர் என்று வைத்துக்கொண்டேன். காலையில் நான் வந்து படுக்கும்போது மெத்தை இன்னும் கதகதப்பாக இருக்கும். சுவர் ஓரமாக, ஒருக்களித்துச் சுருண்டு படுப்பவர் என்று அந்தப் பள்ளத்தைப் பார்த்தாலே தெரியும். தலையணையில் தைல வாசனை. முதல் வாரம் குமட்டியது. அப்புறம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, குளிரில் விறைத்து வருகிறவனுக்கு அந்தச் சூடு பிடித்துப் போய்விட்டது. நாற்காலியின் மேல் ஒரு பிளாஸ்கில் எனக்கென்று வெந்நீர் வேறு வைத்துவிட்டுப் போவார். தொழிற்சாலையில் உடைந்த ரொட்டி எங்களுக்கு இலவசம். ஒரு பாக்கெட் கொண்டு வந்து அவருக்கு வைக்க வேண்டும் என்று தினமும் நினைப்பேன், தினமும் மறந்துபோவேன்.

என் மனைவி ஊரில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறாள். எதையும் நல்லது கெட்டது பார்க்காமல் செய்ய மாட்டாள். ஒரு ஜாக்கெட் துணி வாங்கவே கடை கடையாக ஏறி இறங்குகிறவள். இந்த ஊருக்கு வந்து என்னோடு இருப்பதா, இல்லை என்னைத் திரும்ப இழுத்துக்கொண்டு போவதா என்று ஒவ்வொரு போனிலும் பஞ்சாயத்து வைப்பாள்.

"நல்லதுல ஆரம்பிங்க."

"சம்பளம் சரியா வருது. பஸ் சொன்ன நேரத்துக்கு வருது. ஆஸ்பத்திரி நல்லா இருக்கு. நீ யாரு, எந்தத் தெரு, ஏன் தனியா இருக்கேன்னு எவனும் நோண்ட மாட்டான்."

"கெட்டது?"

"மழை."

"அப்புறம்?"

"அப்புறமும் மழைதான். துணி காயாது. ஷூவுல காளான் முளைக்குது."

"வாடகையைச் சொல்லாம தாவறீங்களே."

"அதெல்லாம் சமாளிக்கலாம். தனி ரூம்தானே. ஜன்னல் எல்லாம் இருக்கு."

தனி ரூம். அந்த வார்த்தையை எத்தனை முறை சொன்னேனோ. மறுமுனையில் அவள் சொன்னாள்: "கஷ்டம்னா கஷ்டம்னு சொல்லிடுங்க, எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா பொய் மட்டும் சொல்லாதீங்க. பொய்னு தெரிஞ்சுதோ, அன்னிக்கே நான் என் வழியைப் பாத்துக்குவேன். சும்மா சொல்லல."

சும்மா சொல்கிறவள் இல்லை அவள். அடுத்த வாரமே டிக்கெட் எடுத்துவிட்டாள். நேரில் வந்து பார்த்து முடிவு செய்யப் போகிறாளாம். எந்த முகத்தோடு அவளை அந்த அறைக்குள் கூட்டி வருவேன்? ராத்திரி ஆனால் யாரோ ஒருவர் தைலம் தடவிக்கொண்டு வந்து நிற்பாரே.

அந்த வாரம்தான் மெத்தை ஈரமாக ஆரம்பித்தது.

காலையில் வந்து படுத்தால் சூடு இல்லை. பள்ளம் இருந்தது, தைல வாசனை இருந்தது. ஆனால் தொட்டால் ஜில்லென்று இருந்தது. தலையணை சொதசொதவென்று கிடந்தது. பிளாஸ்கில் வெந்நீர் இல்லை. ஈரத் தலையோடு படுத்திருக்கிறான் மனுஷன், அறிவு வேண்டாமா என்று திட்டிக்கொண்டே திருப்பிப் போட்டுப் படுத்தேன். மறுநாள் இன்னும் மோசம். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் வீட்டுக்காரம்மாவிடம் போய் நின்றேன்.

"அவரைத் தலை துவட்டிட்டுப் படுக்கச் சொல்லுங்கம்மா. மெத்தை நாசமாப் போகுது. நான் எப்படிப் படுக்கறது?"

அவர் துணி பிழிந்துகொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

"எவரை?"

"ராத்திரி படுக்கறவரைத்தான்."

"தம்பி," என்றார் மெதுவாக. "அவரு போயிட்டாரு. கிடங்குக்குள்ள விழுந்து கிடந்திருக்காரு, கதவை மூடிட்டாங்க, யாரும் பாக்கல. போன வாரமே ஆஸ்பத்திரி பிணவறையில வெச்சுட்டாங்க. உனக்குச் சொல்லணும்னுதான் இருந்தேன்."

இங்கேதான் நான் நிறுத்திச் சொல்ல வேண்டும். அப்போது எனக்கு முதலில் பயம் வரவில்லை. ஐயோ பாவம் என்றும் தோன்றவில்லை.

மெத்தை முழுசும் எனக்கு என்றுதான் தோன்றியது.

மனைவி வரப் போகிறாள், அறை தனி அறையாகிவிட்டது, பொய் தானாகவே உண்மையாகிவிட்டது. சிரிப்பு வந்துவிடுமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஈரம் கூரை ஒழுகலாக இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். வேறு யாருக்கும் இரவை விட வேண்டாம், நானே இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

வீட்டுக்காரம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவருக்குன்னு யாரும் இல்ல தம்பி. கூடத் தங்கினவங்க யாராவது வந்து நின்னா, முறையா அடக்கம் பண்ணிக் குடுப்பாங்களாம். என் முட்டி இருக்கற இருப்புக்கு என்னால முடியாது. நீ ஒரு எட்டு போயிட்டு வாயேன்."

"நான் அவர் மூஞ்சியே பாத்ததில்லையேம்மா. என்னன்னு சொல்லி நிக்கறது?"

"அவரு தலையணையில தலை வெச்சுத்தானே தூங்கினே?"

நான் போகவில்லை. மறுநாள் அவள் வருகிறாள், அறையைத் துடைக்க வேண்டும், மெத்தையை வீட்டுக்காரம்மாவின் அடுப்பருகே சாய்த்து வைத்துக் காயவைக்க வேண்டும், ஆயிரம் வேலை. அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

அவள் வந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள், ஜன்னலைத் திறந்து மூடினாள், சுவரை விரலால் தடவி முகர்ந்தாள். "பரவாயில்ல. ஈரம்தான் கொஞ்சம்," என்றாள். எனக்கு உயிர் வந்தது. அன்றைக்கு லீவு கேட்டேன், மேற்பார்வையாளர் தரவில்லை. அவளை உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

காலையில் திரும்பியபோது அவள் கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. ஆனால் முகம், கல்யாணமான புதிதில் பார்த்த முகம். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"நேத்து வேலை நடுவுல வந்ததுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலியே?"

"எங்க வந்ததுக்கு?"

"இங்கதான். தாழ்ப்பாள் போட்டேன்னு நெனச்சேன், போடலை போல. வந்து பக்கத்துல படுத்தீங்க பாருங்க, உடம்பு ஐஸ்கட்டி. தலையெல்லாம் ஈரம். போர்வைக்குள்ள இழுத்துக்கிட்டேன்."

நான் திரும்பித் தாழ்ப்பாளைப் பார்த்தேன்.

"அந்தப் பக்கமே திரும்பிப் படுத்துக்கிட்டு எல்லாத்தையும் சொன்னீங்களே. தனி ரூம் இல்ல, ஒரே மெத்தையை ரெண்டு பேரு பங்கு போட்டுக்கிட்டோம்னு. அந்த இன்னொருத்தரு செத்ததுக்கு ஒரு எட்டு போய் நிக்கலைன்னு. வெக்கமா இருக்குன்னு சொல்லி அழுதீங்க பாருங்க, நான் உங்களை அப்படிப் பாத்ததே இல்ல."

மெத்தையைப் பார்த்தேன். சுவர் ஓரமாக, ஒருக்களித்துச் சுருண்ட பள்ளம்.

அதைச் சுற்றி ஈரம்.

"பொய் சொன்னீங்கன்னு கோவம் வரணும் எனக்கு. வரல," என்றாள். "நல்லது கெட்டது எல்லாம் யோசிச்சுட்டேன். மழை பெஞ்சா பெய்யட்டும். வாடகைக்கு நான் இங்க நாலு துணி தைக்கறேன். மனசுல உள்ளதை ராத்திரி வந்து சொல்ற ஆளோட எங்க வேணும்னாலும் இருக்கலாம். நான் இருந்துடறேன்."

அது நான் இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். எனக்குத் தெரியும். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? அழுதவன் நான் இல்லை என்று ஆகும். நான் அழக்கூட இல்லை, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியவன் என்று ஆகும். அவள் கையை எடுத்துக்கொள்வாள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் நான்தான் என்று ஆட்டினேன். இப்படி ஒரு பிறவி.

குடை வாங்கி வருகிறேன் என்று இன்னொரு பொய்யைச் சொல்லிவிட்டு மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பிணவறை ஊழியர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"காலையிலதான் எடுத்துட்டுப் போனாங்க. யாரும் வரல, அநாதைக் கணக்குல போயாச்சு. நீங்க அவருக்கு என்ன உறவு?"

"ஒரே ரூம்," என்றேன். முதல்முறையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

அன்று சாயங்காலம் வேலைக்குக் கிளம்பும்போது அவள் சுவர் பக்கம் இடம் விட்டுப் போர்வையை விரித்துக்கொண்டிருந்தாள். "நேத்து மாதிரி வந்துடுங்க," என்றாள். பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். மழை காலர் வழியாக முதுகில் இறங்கியது. பஸ் வந்து நின்று, கதவு திறந்து, மூடிக்கொண்டு போயிற்று. வேலை போனால் போகட்டும், அவள் என்னை விட்டுப் போனாலும் போகட்டும், அவளை அந்த மெத்தையில் விட முடியாது என்று திரும்பி ஓடினேன்.

மாடிப்படியில் விளக்கு இல்லை.

மேலேயிருந்து அவள் பேசுவது கேட்டது. சின்னக் குரலில், இடையிடையே சிரித்துக்கொண்டு. நடுநடுவே நிறுத்தி, யாரோ சொல்வதைக் கேட்டாள்.

கதவைத் தட்டினேன்.

பேச்சு நின்றது.

"யாருங்க?" தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோலக் கேட்டாள்.

"நான்தான்." ஓடி வந்ததில் தொண்டை அடைத்து, என் காதுக்கே அது வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது.

"நான்தான்னா யாரு?"

உன் புருஷன் என்று சொன்னால் போதும். ஆனால் அதைச் சொன்னால் உள்ளே இருப்பது யார் என்று சொல்ல வேண்டும். நேற்று அழுதது யார், காலையில் தலையை ஆட்டியது யார் என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தபடி நின்றேன்.

உள்ளே யாரோ இருமினார்கள்.

பிறகு ஓர் ஆண் குரல் பேசியது. நிதானமாக, பொறுமையாக. அது என் குரல்.

"பகல்ல இங்க தங்கறவரு. நல்ல மனுஷன்தான், பாவம். வேலைக்கு நேரமாகுது, போகச் சொல்லு."

"அவரு இப்பதாங்க வந்து படுத்தாரு," என்றாள் என் மனைவி கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "காலையில வாங்களேன்."

"சரிங்க," என்று சொல்லிவிட்டு நான் படி இறங்கினேன்.