ஆணி அடிக்கிற சத்தம்

முதலில் கேட்டபோது லலந்த அதைப் பொருட்படுத்தவில்லை. டக், டக், டக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டக், டக், டக். ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கிற ஆட்கள் எந்த நிலையத்திலும் உண்டு. கொழும்பு கோட்டையில் அந்தச் சத்தத்துக்கு யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பிளேன்டீயை ஊதி இரண்டு மடக்குக் குடித்த பிறகுதான் அவன் நிமிர்ந்து தண்டவாளத்தைப் பார்த்தான். எதிரே ரயில் இல்லை. அடுத்த மேடையிலும் இல்லை.

அம்பலாங்கொடையிலிருந்து விடிகாலை வண்டியைப் பிடித்து, ஆறரைக்கே கோட்டையில் இறங்கிவிட்டார்கள். மலையேறிப் போகிற பதுளை வண்டி எட்டரைக்கு. இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வேலையில்லை. வானம் கரிச்சட்டியாக இருட்டிக் கிடந்தது. கூரைத் தகரத்தில் மழை இறங்கி, டீசல் வாடையோடு இறால் வடை பொரிகிற வாசனையும் ஈரத்தில் கனத்து நின்றது. அவன் மனைவி இனோக்காவுக்கு மட்டும் எல்லாமே திருவிழாதான். கல்யாணமாகி நாலு வருஷத்தில் இதுதான் அவர்களுடைய முதல் பயணம்.

"ஜன்னல் எனக்கு. நானுஓயா வரைக்கும் நீங்க கேக்கவே கூடாது," என்றாள்.

"பிறகு தருவியா?"

"பிறகு நான் நித்திரை கொண்டிடுவன். அப்ப என்ட தலைக்கு மேலால எட்டிப் பாருங்க." சிரித்துவிட்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள். "இந்த ஸீட் கிடைச்சதே பெரியம்மாட புண்ணியம்தான். உங்கள வளத்த மனுசி. சாகிற வரைக்கும் ஒரு நாள் தவறாம போய்ப் பாத்தீங்க. ஊர்ல எல்லாரும் அதையேதான் சொல்றாங்க."

தின்பதற்குப் பனிஸ் வாங்கி வருவதாக அவள் எழுந்து போனாள். லலந்த டீக்கோப்பையைப் பிடித்தபடி இருந்தான்.

ஒரு நாள் தவறாமல் போனான் என்பது உண்மையில்லை. திங்கட்கிழமை போனான். "போயிட்டு வாறன், பெரியம்மா," என்று வழக்கம்போலச் சொல்லிக்கொண்டு வந்தான். செவ்வாய்க்கிழமை இந்தப் பயணத்துக்கு ஸீட் பதிய வரிசையில் நின்றதில் பொழுது போய்விட்டது. புதன்கிழமை ஒரு காரணமும் இல்லை. மழை, சோம்பல், நாளைக்குப் போகலாம் என்ற எண்ணம். சைக்கிளில் ஆறு நிமிஷ தூரம். வியாழன் காலையில் கதவைத் திறந்தபோது பெரியம்மா சமையலறைச் சீமெந்துத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். இடுப்பு முறிந்திருந்தது. கையில் அலுமினியக் கோப்பை. அதன் விளிம்பு நசுங்கி, ஒரு பக்கம் நாக்கு மாதிரி மடிந்திருந்தது.

மரண விசாரணைக்கு வந்தவர் கேட்டபோது, "நேத்துப் பின்னேரமும் பாத்தன், நல்லாத்தான் இருந்தா," என்று சொன்னான். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் எழுதிக்கொண்டார். புதன் இரவு செத்தாள் என்ற அந்தக் கணக்கில்தான் பிக்குகளுக்கான ஏழாம் நாள் தானம் நடந்தது. பிக்குகள் எதிரே குடத்து நீரைக் கிண்ணத்தில் நிறைந்து வழிய வழிய ஊற்றி, செத்தவளுக்குப் புண்ணியம் சேரட்டும் என்று கொடுத்தவனும் அவன்தான். பிரிந்த உயிர் அந்த ஏழாம் நாளுக்காகத்தான் வாசலில் காத்து நிற்கும் என்று அவளே சின்ன வயதில் சொல்லிக் கொடுத்திருந்தாள். அவள் எந்த நாளில் செத்தாள்? செவ்வாயா, புதனா? எதிலிருந்து ஏழு எண்ணுவது? ஊருக்கே தெரியாது. அப்போது அவனுக்கும் தெரியாது.

தானம் முடிந்து பிக்குகள் போன பிறகு பக்கத்து வீட்டுப் பியசீலி இலையில் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "செவ்வாயும் புதனும் அங்கயிருந்து டக் டக்கெண்டு ஒரே சத்தம், மகன். நீதான் வந்து ஆணி அடிக்கிறாயாக்கும் எண்டு நெனச்சன். இல்லாட்டி எட்டிப் பாத்திருப்பன்."

"ஓம் அக்கா," என்றான் லலந்த. "நான்தான். ஜன்னலுக்கு அடிச்சன்."

டக், டக், டக்.

எழுந்து மேடையின் மறுகோடிக்கு நடந்தான். கூட்டத்துக்குள் புகுந்தான். வடைக்காரரின் கூவல், குடை மடக்குகிற சத்தம், மூன்று மொழியிலும் மாறி மாறி வந்த அறிவிப்பு, எல்லாவற்றுக்கும் கீழே அது அவனோடே நகர்ந்து வந்தது. சுத்தியல் சத்தம் இல்லை. இரும்பில் இரும்பு பட்டால் கணீரென்று கேட்கும். இது மெல்லிசு. அலுமினியம். சீமெந்தில்.

ஒரு பெஞ்சில் உட்கார்ந்தான். பெஞ்சுக்கு அடியிலிருந்து கேட்டது. செருப்பின் அடியில், நேர் கீழே, தரை லேசாக அதிர்ந்தது. மூன்று தட்டு. பிறகு இடைவெளி. இடைவெளி முன்னைவிட நீண்டிருந்தது. தட்டுகிற கை களைத்திருந்தது.

"யாரு இப்பிடி ஆணி அடிக்கிறது?" பனிஸ் பொட்டலத்தோடு இனோக்கா நின்றாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். "உங்களுக்குக் கேக்குதா?"

அவளுக்கும் கேட்கிறது.

"கூரை வேலை நடக்குது போல," என்றான்.

சொன்ன மாத்திரத்தில் சத்தம் நின்றுவிட்டது. பதில் கிடைத்துவிட்டது போல. இனிமேல் தட்டிப் பிரயோசனமில்லை என்று விட்டுவிட்டது போல.

இனோக்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்தாள். "வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு. பெரியம்மாவ நெனச்சா? எதாவது இருந்தா சொல்லுங்க. நான் கோவிக்க மாட்டன். தேவைண்டா திரும்பிப் போவம். பதுளைக் கோச்சி அடுத்த மாசமும் ஓடும்."

ஒரே ஒரு வாக்கியம்தான். நான் ரெண்டு நாள் போகல்ல. அதைச் சொன்னால் போதும், திரும்பிப் போகலாம், பிக்குவிடம் உண்மையைச் சொல்லலாம், இன்னொரு தானம் கொடுக்கலாம். வாயைத் திறந்தான். அவளுடைய முகத்தில் இருந்த அந்த மரியாதையைப் பார்த்தான். ஊரே அவனுக்குக் கொடுத்த மரியாதை. தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

பதுளை வண்டி மேடைக்குள் ஊர்ந்து வந்தது.

"ஒண்ணுமில்ல. பசி," என்றான்.

ஏறினார்கள். ஈரச் சட்டைகள், பைகள், முழங்கைகள். இனோக்கா முன்னால் போய் ஜன்னல் ஸீட்டில் உட்கார்ந்துவிட்டாள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான்.

நின்றான்.

அவனுடைய இருக்கைக்கு முன்னால், நடைவழித் தரையில், பெரியம்மா ஒருக்களித்துக் கிடந்தாள்.

அதே வீட்டுச் சட்டை. அதே முறிந்த இடுப்பு. முன்னால் போன ஆள் கீழே பார்க்காமலே அவளைத் தாண்டிப் போனார். ஒரு பெண் தாண்டினாள். பெரியம்மாவின் உதடுகள் வெடித்திருந்தன. கண்கள் திறந்திருந்தன. அவனைப் பார்த்தன.

"வாங்களேன், வழிய மறிச்சுக்கொண்டு!" என்றாள் இனோக்கா.

பின்னாலிருந்து யாரோ தள்ளினார்கள்.

அவன் காலைத் தூக்கினான். அவளைத் தாண்டினான். உட்கார்ந்தான்.

வண்டி அசைந்தது. இனோக்கா ஜன்னலில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றாமல் காலை வசதியாக நீட்டினாள். பெரியம்மாவின் கைமேல் வைத்தாள். கை அசையவில்லை.

"ஏன் காலத் தூக்கிக்கொண்டே இருக்கிறீங்க?"

"சும்மா."

கீழே பார்க்கக்கூடாது. பார்த்தான்.

அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பான். கோபமே இல்லை. காத்திருந்த ஆள் வந்துவிட்ட சந்தோஷம். உதடு பிரிந்தது. கன்னம் அவன் கால் பக்கம் திரும்பியது.

"வந்துட்டியா, மகன்?"

பதுளைக்கு இன்னும் ஒன்பது மணி நேரம் இருந்தது.