திரும்பாதீக, சிஸ்டர்

ஏர்வாடி பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கடல் பக்கம் வானம் கறுத்துக்கிடந்தது. நர்ஸ் ஹமீதா பானுவுக்கு அந்த ஊர் ஆஸ்பத்திரியில் அன்றுதான் முதல் நாள். பெட்டியைக் கீழே வைப்பதற்குள் ஆபரேஷன் அறைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பிரசவத்துக்கு வந்த பஞ்சம்மாளுக்கு நேற்றிலிருந்து வலி. வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுக்க வேண்டும்.

ஆயா ராக்கு வாசல் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை ஒரு துணியால் இறுக்கிக் கட்டினாள்.

"உள்ள வேலை நடக்கையில யார் கூப்பிட்டாலும் திரும்பாதீக, சிஸ்டர். முன்ன இருந்த சிஸ்டர் திரும்புனாக. மேசையில கிடந்தவ எந்திரிக்கவே இல்ல."

"எங்க உம்மா கூப்பிட்டாலுமா?" பானு சிரித்தாள்.

"அவுகதான் கூப்பிடுவாக."

கதவுக்கு முதுகைக் காட்டி, பஞ்சம்மாளின் தலைமாட்டில் நின்றாள் பானு. ஒரு கையில் மயக்கம் கொடுக்கும் ஈதர் புட்டி. மறு கை விரல்கள் நாடிமேல். சொட்டு கூடினால் மூச்சு நின்றுவிடும். குறைந்தால் கத்திக்கு நடுவே விழித்துக்கொள்வாள். டாக்டரம்மா குனிந்தார். ஜன்னல் வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. எங்கோ தண்ணீர் கொதிக்கும் ஓசை.

பிறகு அந்த நாற்றம். ஈதரையும் மீறி, சங்குச் சதை அழுகுகிற நாற்றம், கதவிடுக்கு வழியாக.

"பானு."

உம்மாவின் குரல். காலையில்தான் கீழக்கரையில் பஸ் ஏற்றிவிட்டவள்.

"வாப்பா விழுந்துட்டாகம்மா. கதவைத் தொற."

டாக்டரம்மா நிமிரவில்லை. அவருக்குக் கேட்கவில்லை. ராக்கு கண்களை இறுக மூடியிருந்தாள்.

ஒரு சொட்டு. நாடி. ஒரு சொட்டு.

"பெத்தவ கூப்பிடுறேன். திரும்பிப் பாரு."

கழுத்து தானாக அசைந்தது. பானு உதட்டைக் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது.

"சிஸ்டர், நாடி?"

"இருக்கு, டாக்டர்."

குழந்தை வீறிட்டது. வெளியே குரல் நின்றது.

தையல் முடிந்ததும் டாக்டரம்மாவும் ராக்குவும் பிள்ளையோடு உள்வழியாகப் பக்கத்து அறைக்குள் போனார்கள். பஞ்சம்மாள் லேசாகக் கண் திறந்தாள்.

"பாவம் அந்தம்மா, எம்புட்டு நேரமாக் கூப்பிட்டாக. நீங்க திரும்பல. அதான்..." நாக்கு குழறியது.

"அதான்?"

"உடம்பை மேசையில விட்டுட்டு நானே எந்திரிச்சுப் போயித் தொறந்துவிட்டேன்."

பானுவின் குதிகாலில் ஏதோ ஈரமாகப் பட்டது. குனிந்தாள். தாழ்ப்பாளில் கட்டிய துணி.

நாற்றம் இப்போது அவள் பிடரியில்.

"எல்லாம் முடிஞ்சுபோச்சு, சிஸ்டர்." ராக்குவின் குரல். "இப்பத் திரும்பலாம்."

பக்கத்து அறையில் ராக்கு குழந்தையைக் கொஞ்சிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.