இரண்டாவது ஸ்பிரிங்

முன்பக்கத்துக் கார்புரேட்டர் ஒழுங்காகத்தான் காற்றை இழுத்தது. ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதில் செருகி, மறுநுனியை அதன் வாயருகே பிடித்த கில்பர்ட்டுக்கு, வழக்கமான அந்தச் சீரான இரைச்சல் கேட்டது. குழாயைப் பின்பக்கத்துக் கார்புரேட்டருக்கு மாற்றினார். அங்கே சத்தம் இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. இரண்டும் ஒரே அளவில் இரையும்வரை திருகைத் திருப்புவதுதான் அவர் தொழில். நடுவில் நின்று மூச்சு வாங்குகிற கார்புரேட்டரை அவர் கேட்டதே இல்லை.

"என்னண்ணே, சரியாயிடுச்சா?"

தங்கை இன்பராணி ஓட்டுநர் இருக்கையில் பக்கவாட்டில் உட்கார்ந்து, திறந்த கதவு வழியே இரண்டு கால்களையும் சிமெண்டுத் தரையில் வைத்திருந்தாள்.

"இரு லா. பின்னால உள்ளது அடம் பிடிக்குது."

"அவரு மாதிரியே."

உலு திராமில் இன்பராணி வீட்டுப் போர்ச்சில், சுவரைப் பார்த்தபடி நின்றது வண்டி. வண்டிக்கும் சுவருக்கும் நடுவே, தூக்கிய பானெட்டுக்குள் குனிந்து நிற்க ஓர் ஆளுக்குத்தான் இடம். மழை விட்ட பிறகும் தகரக் கூரை சொட்டிக்கொண்டிருந்தது; தூரத்தில் அந்திநேர மஃரிப் பாங்கு அடங்கியது; பெட்ரோல் வாடைக்கு அடியில், எவ்வளவு கழுவியும் போகாத செம்பனைத் தோட்டத்து வாய்க்கால் வாடை இருந்தது. பொந்தியான் சாலையில் இதே வண்டியோடு அந்த வாய்க்காலுக்குள் பாய்ந்துதான் இன்பராணியின் கணவர் ரபேல் போய்ச்சேர்ந்தார். நாளைக்கு ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கொடுத்தால், அவள் இதை ஓட்டத் தொடங்கிவிடுவாள்.

"பழைய ஒத்தக் கார்புரேட்டரே போதும்னு சொன்னேன். நீ கேக்கல."

"இந்தச் சத்தத்துக்காகத்தானே உங்கள நச்சரிச்சு ரெண்டா மாத்த வச்சாரு. வேகமாப் போனது அவரு தப்பு. வண்டி என்ன பண்ணும்?"

இரண்டு கார்புரேட்டர்களை மாட்டிய புதிதில், முட்டிவலிக்காரரான ரபேல் இதே இருக்கையிலிருந்து குறைபட்டார். "பெடல் கல்லு மாதிரி இருக்கு மச்சான்." காலை எடுத்ததும் கார்புரேட்டர் வாயை இழுத்து மூட ஒரு ஸ்பிரிங், அது அறுந்தாலும் வண்டி தானாகப் பாயாமல் காப்பாற்ற இன்னொன்று. அந்த இன்னொன்றைத்தான் கில்பர்ட் கழற்றி மைலோ டின்னில் போட்டார். "இப்ப எப்படி மச்சான்?" என்று கேட்டார். "பஞ்சு மாதிரி," என்று சிரித்தார் ரபேல்.

வண்டியை வாய்க்காலிலிருந்து இழுத்த அன்று முதலில் பானெட்டைத் திறந்தவரும் கில்பர்ட்தான். அறுந்து தொங்கிய ஒற்றை ஸ்பிரிங், யாரும் பார்க்குமுன் அவர் சட்டைப்பைக்குள் போனது. எல்லோரும் வேகம் என்றார்கள். அவரும் தலையாட்டினார். இன்று காலை, யாருக்கும் சொல்லாமல், இரண்டையும் புதிதாக மாட்டியிருந்தார்.

"இன்ஜினை அணை."

அணைத்தாள். கூரை சொட்டியது. குழாய் காதிலேயே இருந்தது. அதற்குள் சத்தம் நிற்கவில்லை. இழுத்தது. நின்றது. தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு இழுப்பதுபோல் இழுத்தது. பிறகு, மிக நெருக்கத்தில், ரபேலின் குரல்:

"இப்ப எப்படி மச்சான்?"

குழாய் கையிலிருந்து நழுவியது.

"அண்ணே," என்றாள் இன்பராணி. அவளுக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை. "ஒன்னு கேக்கவா? அப்பா எப்பவும் மெதுவாத்தானே ஓட்டுவாருன்னு கால்வின் கேட்டுக்கிட்டே இருக்கான். பெத்த அப்பனையே அவனுக்குக் குத்தவாளியாக் காட்டிட்டேன். உண்மையிலேயே வேகமாத்தான் போனாரா?"

சொல்லிவிடலாம். இப்போதே. அவர் வாயைத் திறந்தார்.

"ஆமா. வேகமாத்தான் போயிருக்காரு."

இன்ஜின் உறுமி எழுந்தது.

"காலை எடு இன்பா."

"கால் வெளியதானே இருக்கு."

"அப்ப சாவிய அணை."

"சாவி என் கையில இருக்குண்ணே."

அவர் குனிந்து பார்த்தார். காலையில் மாட்டிய ஸ்பிரிங்குகள் இல்லை. இரண்டும் இல்லை. கொக்கிகளில் சேறு. கார்புரேட்டர் வாயைத் திறக்கும் லீவர் தானாகத் திறந்துகொண்டிருந்தது. ஆள்காட்டி விரலைக் கொக்கிபோல் வளைத்து அதை மூடும் பக்கம் இழுத்தார். இப்போது அவர் விரல்தான் ஸ்பிரிங். லீவருக்குக் கீழே, இருட்டிலிருந்து, ஈரமான இன்னொரு விரல் அதோடு கோத்துக்கொண்டது.

"பெடல் தரையோட அழுந்திக் கிடக்குண்ணே," இன்பராணி கத்தினாள். "யாரு மிதிக்கிறா?"

"வேகம் இல்ல இன்பா! அவரு மேல தப்பில்ல. நான்தான் ஒரு ஸ்பிரிங்கக் கழட்டினேன்!"

"என்னது? கேக்கல!"

மறுபடி சொன்னார். இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே சுருதியில் அலறின. முதல்முறையாக, அணுவளவும் பிசகாமல். முதுகுக்குப் பின்னால் சுவர். விரலை விடுவிக்க முடியவில்லை.

கடக். முதல் கியர் விழுந்தது.

"அண்ணே, தானா அழுந்துன கிளட்ச் இப்ப மேல வருது," என்றாள் இன்பராணி. "மெதுவா வருதுண்ணே."