செவி அணைந்திருந்த நேரம்

இறந்தவர்கள் செவ்வாய்க்கிழமைகளில் பதிவகத்தில் பேசுவார்கள். நான்காம் அறைக்கு வெளியே வேணி டோக்கனோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தம்பி பரிதி. உள்ளே யாரோ ஒருவருடைய தாத்தா தன் தென்னந்தோப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தபோது அந்த வீட்டு அண்ணன் குடும்பம் சிரித்துக்கொண்டு வந்தது. தம்பி குடும்பம் சற்றுத் தள்ளி வந்தது.

உயில் எழுதும் வழக்கம் ஒழிந்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. காகிதத்தில் மோசடி செய்யலாம், மயக்கத்தில் கைநாட்டு வாங்கலாம் என்று அரசு காரணம் சொன்னது. இப்போது அறுபது வயதைத் தாண்டியவர்கள் கழுத்தில் ‘செவி’ அணிய வேண்டும். கட்டைவிரல் அளவு சென்சார். சுற்றி நடக்கும் பேச்சையெல்லாம் சேர்த்துவைக்கும். ஆள் இறந்த பின் அந்தப் பேச்சிலிருந்து அவருடைய ‘மறுவாய்’ உருவாகும். சொத்து யாருக்கு என்று அது சொல்வதுதான் சட்டம்.

அப்பா தணிகாசலம் பக்கவாதத்தில் ஒன்பது வருடம் கிடந்து இறந்தார். வேணி வேலையை விட்டுவிட்டு அந்த வீட்டிலேயே இருந்தாள். பரிதி ஞாயிற்றுக்கிழமைதோறும் திரையில் வந்து பேசுவான்.

உள்ளே பதிவாளர் அம்மாள் மேசையிலிருந்த கருவியை இயக்கினார். அப்பாவின் குரல், லேசான இருமலோடு, முதலில் பரிதி சாப்பிட்டானா என்று விசாரித்தது. பிறகு வீடு பரிதிக்கு என்றது. மகளைப் பற்றியும் கேட்டாக வேண்டும் என்பது விதி. பதிவாளர் கேட்டார்.

“வேணி நல்ல பொண்ணுதான். ஆனா எங்கிட்ட அவளுக்குப் பேச்சே கிடையாது. வருவா. கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இருக்காது. அப்புறம் போயிடுவா.”

அந்தச் சத்தமில்லாத நேரம் எது என்று அந்த அறையில் வேணிக்கு மட்டுமே தெரியும்.

ஒரு நாளைக்கு நான்கு முறை. அவள் வாளியோடு வந்ததும் அப்பா கண்ணால் தன் கழுத்தைக் காட்டுவார். அவள் செவியை அணைப்பாள். அதன் பிறகுதான் வேட்டியை அவிழ்க்க விடுவார். அவள் துடைத்துக்கொண்டிருக்கும்போது அழுவார், செத்துப்போன அம்மாவைத் திட்டுவார், இந்த வீடு உனக்குத்தாம்மா என்பார். மற்ற நேரங்களில் இருவரும் அதிகம் பேசுவதில்லை. புதுத்துணி கட்டி, முகம் துடைத்து, அவர் தலையசைத்த பிறகுதான் செவியை மறுபடி போடுவாள். ஒரு மனிதனின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் செய்தாள். ஒன்பது வருடமாக அந்தப் பதிவிலிருந்து தன்னையே அழித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றவில்லை.

இதையெல்லாம் அவள் இப்போது வாய்விட்டுச் சொன்னாள். மலம், மூத்திரம், படுக்கைப்புண் எதையும் விடவில்லை. பதிவாளர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

“பொய்,” என்றது அப்பாவின் குரல். “அந்தக் கோலத்துல என்னை யாரும் பாத்ததில்ல.”

கருவி பிழையாகச் சொல்லவில்லை. பரிதியை வைத்துக்கொண்டு யாராவது கேட்டிருந்தால், உயிரோடிருந்த அப்பாவும் இதையேதான் சொல்லியிருப்பார்.

“நீ சொல்லுடா,” என்றாள் தம்பியிடம். “உனக்குத் தெரியாதா?”

பரிதி தன் செருப்பைப் பார்த்தான். “அப்பாவே சொல்றாருக்கா. நான் என்ன பண்ணட்டும்?”

வேணி பதிவாளர் பக்கம் திரும்பினாள். “இதை அணைங்க. அணைச்சாத்தான் அவரு உண்மை பேசுவாரு.”

“அணைச்சா அவரே இல்லையேம்மா,” என்றார் பதிவாளர். குரலில் இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்தை அவள் வெறுத்தாள். வீட்டை ஒப்படைக்க முப்பது நாள் என்று தாளில் அச்சாகி வந்தது. அவள் கையெழுத்து தேவைப்படவில்லை.

வெளியே நடைபாதையில், செவியணிந்த முதியவர்கள் அதன் ஆண்டுச் சோதனைக்காகக் காத்திருந்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்த ஒருவர், தன்னைத் தள்ளிவந்த பெண்ணிடம் கண்ணால் கழுத்தைக் காட்டினார். நாற்காலியின் கீழ் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் விரல் செவியின் பொத்தானுக்குப் போனது.

வேணி அந்தக் கையைப் பிடித்தாள்.

“அணைக்காதம்மா.”

“அப்பா கூச்சப்படுறாருங்க.”

“படட்டும். நீ தொடைக்கிறது அதுக்குக் கேக்கணும். அவரு அழுறதும் கேக்கணும். ஒண்ணையும் விடாத.”

அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. வேணியின் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். மூடியிருந்த நான்காம் அறைக் கதவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக விரலை எடுத்துக்கொண்டாள். குனிந்து, செவிக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்: “அப்பா, வேட்டி நனைஞ்சிடுச்சு. நான் மாத்தி விடுறேன்.”

பெரியவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வேட்டியை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.