கைராசிக்காரன் ஏற்றிய விளக்கு

மார்கழி மாதத்து மாலைப் பொழுது. கதிரவன் மறைவதற்கு முன்பே எழுந்துவிட்ட வளர்பிறைச் சந்திரன், கொள்ளிடத்தின் அகன்ற நீர்ப்பரப்பிலே வெள்ளியை உருக்கி ஊற்றத் தொடங்கியிருந்தான். வடகரையிலும் தென்கரையிலும் கண்ணுக்கெட்டிய தூரம் பகைவன் கட்டியரையனின் பாசறைகள். அவற்றின் அடுப்புகளிலிருந்து புகை எழுந்து நாணற்புதர்களின்மேல் கவிந்துகொண்டிருந்தது. ஆற்றின் நடுத்திட்டிலே நின்ற மருதங்காவுக் கோட்டையிலிருந்து மட்டும் புகை எழவில்லை. அடுப்பு மூட்டுவதற்கு அங்கே அரிசி இருந்தால் அல்லவா புகை எழும்!

அந்தக் கோட்டையின் மேன்மாடத்தில் கோட்டைத் தலைவர் மழவரையரின் ஒரே மகள் நல்லமங்கை பயணத்துக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பிடி அவல், ஒரு சிட்டிகை சுக்குத்தூள், மெழுகில் பொதிந்த முத்திரை மோதிரம், ஓடக்காரன் மருதனிடம் கேட்டு வாங்கிய முரட்டு வேட்டி ஒன்று. முழங்கால் வரை புரண்ட கூந்தலைத் தன் கையாலேயே அரிந்து மூலையில் வைத்துவிட்டாள். அதைக் கண்டு தோழி வெண்காடி விம்மினாள். இவளோ அவலில் கல் இருக்கிறதா என்று நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பி வரும்போது உடுத்த ஒரு துணியாவது வைக்கட்டுமா, அம்மா?" என்று வெண்காடி கேட்டாள்.

"வேண்டாம். சுமைதானே?" என்றாள் நல்லமங்கை.

வாசகப் பெருமக்களே, அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பதை இங்கே சொல்லிவிடுவதுதான் நியாயம். தந்தை மழவரையர் வேல் பாய்ந்து இரண்டு மாதமாக நினைவின்றிக் கிடக்கிறார். கோட்டைக்குள்ளே எண்ணூறு உயிர்கள். கடற்கரை நாட்டை ஆளும் தாய்மாமன் படையோடு வந்தால்தான் பிழைக்கலாம். அவரோ மழவரையருடன் பகைத்துக்கொண்டு போனவர். அவரிடம் உதவி கேட்டு மூன்று தூதர்கள் பனிமூட்டத்தில் பரிசலேறிப் போனார்கள். ஒருவர் கிழக்குத் துறையில், ஒருவர் தெற்குத் துறையில், ஒருவர் மேற்குத் துறையில். மூன்று தலைகளும் கூடையில் வைத்து ஆற்றோடு அனுப்பப்பட்டுத் திரும்பி வந்தன. போகும் துறை எதிரிக்கு எப்படித் தெரிந்தது? உள்ளிருப்பவர் யாரோ சொல்லியிருக்க வேண்டும். மூன்று முறையும் துறையை அறிந்திருந்தவர் அமைச்சர் ஆரூரனார். ஆகவே, தந்தையின் இடத்தில் இருந்து ஆண்ட நல்லமங்கை அவரைக் கொலைக்களத்துக்கு அனுப்பினாள். அந்த மனிதர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. மேலாடையைக் கழற்றி, அழகாக மடித்து, அவளுடைய காலடியில் வைத்துவிட்டு நடந்து போனார்.

இப்போது போக எஞ்சியிருப்பது அவள் ஒருத்திதான். தங்கை மகள் நேரில் வந்து நின்றால் மாமன் இரங்கலாம், இரங்காமலும் போகலாம். அதற்குமுன் ஆற்றைக் கடக்க வேண்டுமே! கடப்போம் என்ற நம்பிக்கை அவளுக்குக் கடுகளவும் இல்லை. என்றாலும், இருப்பதை ஒழுங்காகச் செய்துவிட்டுச் சாவோம் என்று கட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடியற்காலை, பனி அடர்ந்திருக்கும் வேளையில் புறப்பாடு. அது நல்ல வேளை அன்று என்று கணியர் சொல்லிவிட்டார். அதற்கென்ன, பரஸ்தானம் இருக்கிறதே! புறப்படும் நேரம் சரியில்லையென்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல வேளையில், பயணியின் பொருள் ஒன்றைப் பொதிந்து அவர் போகும் திசையில் கொண்டு வைத்துவிட்டால் போதும். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மருதங்காவில் தலை போகிற காரியமானாலும் இதைச் செய்யாமல் யாரும் படியிறங்க மாட்டார்கள். அதிலும் பொதியை வைப்பவர் கைராசிக்காரராக இருந்துவிட்டால் இன்னும் விசேஷம்.

அந்தக் கைராசிக்காரன் வாசலில் வந்து நின்றான். அவன் பெயர் அமரகண்டன். அவன் தொட்டதெல்லாம் துலங்கும் என்பது கோட்டையின் நம்பிக்கை; தூதர்கள் மாண்ட பழி முழுதும் ஆரூரனார்மேல் விழுந்ததால் அது குலையவில்லை. நான்கு மாதங்களுக்கு முன்பு தோளில் அம்பு தைத்து, கட்டியரையனிடமிருந்து தப்பி வந்தவன் என்று சொல்லிக்கொண்டு கரையொதுங்கியவன். நல்லமங்கை தன் நீலப் பட்டைக் கிழித்து அந்தக் காயத்தைக் கட்டினாள். காயம் ஆறியது, கட்டியவளின் மனம்தான் அதன்பிறகு ஆறவில்லை. அவனை அவள் நேசித்தாள். அதை அவனிடம் சொல்லவில்லை, சொல்ல இனி நேரமும் இல்லை.

தூதர் ஒருவரின் பொதியை எடுத்துப் போகவே அழைத்திருக்கிறார்கள் என்று எண்ணி வந்திருந்தான் அவன். அவள் நீட்டிய சிறு பொதியைக் கண்டதும் கை பாதியில் நின்றது. கிழித்த நீலப் பட்டின் மறுபாதி அது.

"தேவி, இந்தப் பயணம் யாருடையது?"

"என்னுடையது. கிழக்குத் துறைப் பிடாரி கோயிலில் வையுங்கள். வழக்கம்போல் ஒரு விளக்கும் ஏற்றிவிடுங்கள்."

அமரகண்டனின் முகம் வெளிறிப் போயிற்று. மெதுவாக மண்டியிட்டான்.

"இதை என் கையில் தராதீர்கள், தேவி. நான் ஏற்றும் விளக்கு அம்மனுக்கு அன்று. அக்கரையில் இருப்பவர்களுக்கு."

நல்லமங்கை அசையவில்லை. அவன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் கட்டியரையனின் உடன்பிறந்த தம்பியாம். தோளில் பாய்ந்த அம்பு, அண்ணனே அளந்து எய்ததாம். எந்தத் துறைக் கோயிலில் பொதி வைக்கப்படுகிறதோ அந்தக் கோயில் மாடத்தில் அவன் விளக்கேற்றுவான்; விடியும்போது பகைவர் படகுகளெல்லாம் அந்தத் துறையைச் சூழ்ந்து நிற்கும். மூன்று தூதர்களும் தங்கள் பொதியைத் தாங்களே கொண்டுவந்து, "உங்கள் கையாலேயே வையுங்கள்" என்று அவனிடம் சிரித்த முகத்தோடு கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"அப்படியானால் ஆரூரனார்..." என்றாள் அவள்.

"அவர் மாசற்றவர். நான் அன்று வாய் திறக்கவில்லை."

அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை. காவலரை அழைக்கும்படி அவன் சொன்னான். அழைத்து என்ன பயன்? விளக்கு எரியாவிட்டால் படகுகள் எல்லாத் துறைகளையும் அடைத்துக்கொண்டு நிற்கும். மேற்குத் துறையில் எரிந்தால் மேற்கே குவியும். ஆனால் அங்கிருந்து ஆள் எவனும் வரவில்லையென்றால் சற்று நேரத்தில் சூழ்ச்சி விளங்கிவிடும். இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவனுக்கே புரிந்தது.

"மேற்கே நான் போகிறேன், தேவி."

"உம்மை அவர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள்."

"பனியில் முகம் பார்க்காதீர்கள், முதலில் எய்யுங்கள் என்று அவர்களுக்குப் பழக்கிக் கொடுத்தவனே நான்தான்." தலை குனிந்தான். "என்னை மன்னிக்கும்படி கேட்க எனக்கு வாயில்லை."

"எனக்கும் மன்னிப்பு இல்லை. கேட்டுக்கொள்ளும்: மாமனின் படை வந்து இந்தக் கோட்டை பிழைத்தால், அன்றைக்கே அவையைக் கூட்டி ஆரூரனார் குற்றமற்றவர் என்று சொல்வேன். குற்றமற்றவரைக் கொன்றவளுக்கு என்ன தண்டனையோ, அதை அவர் நின்ற இடத்திலேயே நின்று ஏற்பேன். பிடாரிமேல் ஆணை."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் நீலப் பொதியை அவன் கையில் வைத்தாள். அதை எடுத்துக்கொண்டு அவன் படியிறங்கினான்.

அவன் போன பிறகு சாளரத்தருகே வந்து நின்றாள். மூன்று பேரைக் கொன்ற கை அல்லவா அது! இப்போதும் கிழக்கே விளக்கு எரிந்தால் யாரைக் கேட்பது? கிழக்கு மாடத்தைப் பார்த்தாள்; இருட்டு. மேற்கே, ஐயனார் கோயில் மாடத்தில், சின்னதாக ஒரு சுடர் எழுந்து நிலைத்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

விடியற்காலையில், ஒரு முழம் தள்ளி நிற்பவர் தெரியாத பனியில், அவள் கிழக்குத் துறைப் படியிறங்கினாள். பரிசலில் மருதன் துடுப்போடு காத்திருந்தான். வெகு தூரத்தில், மேற்கே, கொம்பு ஊதும் ஒலி கேட்டது. தொடர்ந்து வெற்றி முரசு முழங்கியது. ஒருவனைக் கொன்றதற்கு இவ்வளவு ஆரவாரம்!

"கெழக்கால ஒரு துடுப்புச் சத்தமும் கேக்கல தாயி. இப்பப் போனாத்தான் உண்டு," என்றான் மருதன் தாழ்ந்த குரலில். "யாரு செத்தாங்களோ, பாவம்."

"துடுப்பைப் போடு," என்றாள் நல்லமங்கை.

பரிசல் ஒருமுறை சுழன்று நீரோட்டத்தில் இறங்கியது. அவளுடைய பொதி மேற்கே போய்விட்டது. அவள் கிழக்கே போய்க்கொண்டிருந்தாள். அவிழ்த்துப் பார்க்க அவசியமில்லாமலே மூட்டைக்குள் இருந்ததெல்லாம் அவளுக்குத் தெரியும்: அவல், சுக்கு, மோதிரம். அவற்றின் அடியில், அன்று வெண்காடி எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்து, புறப்படும் நேரத்தில் அவளிடம் கேட்டு வாங்கி வைத்த ஆரூரனாரின் மேலாடை, அவர் மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது. திரும்பி வரும்போது உடுத்த அவளுக்கு இப்போது ஒரு துணி இருந்தது.