எச்சில் இழை

பாடி முடித்த வரிக்கும் அது மறுபடி தொடங்குவதற்கும் நடுவே இருந்த சின்ன மௌனத்தில் யாரோ எச்சில் விழுங்கினார்கள்.

புனிதா விழுங்கவில்லை. வரி முடிந்ததும் அவள் மூச்சை அடக்கி, விரலை ஐபேட் திரையின் மேல் நிறுத்தி, பதிவான சுற்று தன் தொடக்கத்துக்குத் திரும்பும் கணத்துக்காகக் காத்திருந்தாள். ஆனால் ஸ்பீக்கரில் அவளுடைய குரல் திரும்பி வந்தபோது அதன் வாலில் அந்த ஓசையும் ஒட்டிக்கொண்டு வந்தது. கொழகொழவென்று எதையோ நாக்கால் திரட்டி, தொண்டைக்குள் தள்ளி, மெதுவாக இறக்கிய ஓசை. மைக்கில் உதடு உரசும் அளவுக்கு வாயை வைத்துக்கொண்டு விழுங்கினால்தான் அப்படிக் கேட்கும்.

“மத்தியானம் மீன் தலைக் கறிய அந்த அடி அடிச்சா இப்படித்தான் வரும்,” என்றான் பிரவின், டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து.

“நான் முழுங்கலடா.”

“அப்ப யாரு, கமலநாதன் அங்கிளா? அவரு கீழ டிவி பாத்துட்டு இருக்காரு லா.”

அவள் திரையைத் தொட்டு அந்தப் பதிவை அழித்தாள்.

கிள்ளான் லிட்டில் இந்தியாவின் பூக்கடைகளும் துணிக்கடைகளும் முதுகைக் காட்டி நிற்கும் பின்தெருவில், மூன்று மாடிக் கடைவீடு ஒன்றின் நடுத்தளத்தில் இருந்தது அந்தப் பயிற்சி அறை. சன்னல் கிடையாது. சுவர்களில் பழைய தரைவிரிப்புகளை ஆணியடித்து ஒலியை அடக்கியிருந்தார்கள். வெளியே ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் மழை கொட்டிக்கொண்டிருந்தது என்பதைக்கூட, விரிப்புகள் ஈரத்தை உறிஞ்சி வெளியிட்ட முடைநாற்றத்தைக் கொண்டுதான் உள்ளே இருப்பவர்கள் அறிய முடியும். அதற்கும் மேலே இருந்த மாடியின் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, வரிசையாகக் குழாய்த் துளைகள் மட்டும் விட்டிருந்தார்கள். கட்டடத்தின் சொந்தக்காரரான கமலநாதன் ஒரு காலத்தில் அங்கே வாலிட் குருவி வளர்த்தார். எச்சிலாலேயே கூடு கட்டும் குருவி அது. அந்தக் கூட்டைச் சீன மருந்துக் கடைகளில் சூப்புக்கு விற்பார்கள். அந்தத் தொழில் நின்றுபோய் வெகுநாளாகியும், அறையின் கூரை அட்டைகளின் இடுக்கு வழியே எச்சமும் இறகும் கலந்த ஒரு கார நெடி எப்போதும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. முதல் நாள் வந்தபோது புனிதாவுக்குக் குமட்டியது. வாடகை குறைவு என்பதால் மூக்கைப் பழக்கிக்கொண்டாள்.

மூக்கைப் பழக்கலாம், தொண்டையைப் பழக்க முடியவில்லை. சென்ற ஆண்டு குரல் நாணில் முளைத்திருந்த கட்டியை அறுத்து எடுத்த பிறகு அவளுக்கு மிஞ்சியது உமி கலந்த அரிசியைப் போன்ற ஒரு குரல். அதுவும் ஒரு நாளில் சில வரிகளுக்கு மேல் தாங்காது. பாடுவதை விட்டுவிடுமாறு எல்லாரும் சொன்னார்கள். அப்போதுதான் பிரவின் இந்தச் செயலியை அவளுக்குக் காட்டினான். ஒரு வரியை ஒரே ஒரு முறை பாடினால் போதும். அது சுழன்று சுழன்று வரும். அதன்மேல் இன்னொரு வரியை அடுக்கலாம், அதன்மேல் இன்னொன்று. கைப்பேசியில் ஒரு தம்பூரா ஒலி, ஐபேடில் அவள் குரலின் அடுக்குகள், ஹெட்போனில் அவற்றைக் கேட்டுக்கொண்டே வாசிக்கும் பிரவின். அறுபட்ட தொண்டையிலிருந்து ஒரு பாடகர் கூட்டமே எழுந்தது.

வருகின்ற சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறிய அரங்கில் அவர்களுடைய நிகழ்ச்சி. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவள் மேடையேறும் முதல் முறை. அங்கே குரல் கைவிட்டால் இனி பாடுவதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள். அதைப் பிரவினிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

அவர்களுக்கென்று ஒரு வேலைமுறை இருந்தது. இப்படி வாசிக்கும் மற்றவர்கள் ஓர் அடுக்கு பதிவானதும் மைக்கை அடைத்துவிடுவார்கள். புனிதா அடைப்பதில்லை. திறந்த மைக்கின் வழியே பிரவினின் டிரம்ஸும், அறையின் எதிரொலியும், நாற்காலியின் முனகலும் ஒவ்வொரு அடுக்கிலும் கசிந்து சேரும். அதனால்தான் தங்கள் இசைக்கு உயிர் இருக்கிறது என்று அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். அறையில் என்ன இருந்தாலும் அது உள்ளே வந்துவிடும்.

மறுபடி பாடினாள். மௌனம் வந்தது. மௌனத்தில், இம்முறை சற்று நிதானமாக, ருசித்து, விழுங்கும் ஓசை.

“ஒரு நிமிசம்,” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

கமலநாதன் தரைத்தளத்தில் காலிக் கண்ணாடி அலமாரிகளுக்கு நடுவே தொலைக்காட்சிக்கு எதிரே அமர்ந்திருந்தார்.

“அங்கிள், மேல யாராச்சும் இருக்காங்களா?”

“யாரு இருப்பா மா. பூட்டிக் கெடக்கு.”

“குருவி?”

“அது எப்பவோ போயிருச்சு.” அவர் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார். “குருவியக் கூப்பிடணும்னா அதோட சத்தத்தையே ரெக்கார்டு பண்ணி ராப்பகலா ஓட விடணும். அதோட சொந்தக்காரங்க இருக்காங்கன்னு நெனச்சி உள்ள வரும். குருவி போன பெறகும் நான் நிறுத்தல. திரும்பி வரும்னு பாத்தேன்.”

“வந்துச்சா?”

“குருவி வரல.” அவர் உதட்டைத் துடைத்தார். “கூடு மட்டும் வளந்துச்சி. பெருசா. ஒரு துண்ட அறுத்து வந்து கொதிக்க வச்சேன். கரையவே இல்ல. உள்ள முடி இருந்துச்சி மா. நீள முடி.”

புனிதாவின் வாயில் நீர் ஊறியது. பசிக்கு ஊறும் நீர் அன்று. வாந்திக்கு முன்னால் ஊறும் நீர்.

“தூக்கிப் போட்டுட்டீங்கதானே?”

பதில் சொல்லத் தொடங்கியபோது அவருடைய உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்து, மெல்லிய வெள்ளை இழை ஒன்றை நீட்டியபடி பிரிந்தன.

“ஒரு வாய் குடிச்சேன்,” என்றார். “அவ்வளவுதான். நீங்க பாடி முடிச்சா மைக்க அடைச்சிருங்க.”

படியேறும்போது, கிழவருக்குப் பேச்சுத் துணை இல்லாமல் புத்தி பேதலித்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் கைப்பிடியைத் தொடாமல் ஏறினாள்.

“என்னா சொன்னாரு?” என்று பிரவின் கேட்டான்.

“ஒண்ணுமில்ல. பறவைக் கூடு சூப்பு கத.”

“நமக்கும் ஒரு கிண்ணம் கேட்டிருக்கலாம்ல. தொண்டைக்கு நல்லதாம்.”

“வாய மூடு பிரவின்.”

மைக்கின் அருகே குனிந்தபோது அந்த நெடி முகத்தில் அறைந்தது. இது எச்சத்தின் நெடி அன்று. தூங்கி எழுந்த வாயின் நெடி. பல நாள் துலக்காத, உள்ளே ஏதோ அழுகத் தொடங்கிவிட்ட வாயின் நெடி. மைக்கின் தலையில் மாட்டியிருந்த கறுப்புப் பஞ்சு நனைந்து கனத்துத் தொங்கியது. விரலால் தொட்டாள். விரலை எடுத்தபோது பஞ்சும் கூடவே வந்து, பிறகு விட்டுவிட மனமில்லாததைப் போல நூல் நூலாக நீண்டு அறுந்தது. பஞ்சைக் கழற்றிக் குப்பைக் கூடையில் எறிந்து, கையைச் சட்டையில் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். விரல்களுக்கு நடுவே பிசுபிசுப்பு போகவில்லை.

வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. ஆனால் தொண்டையில் இன்றைக்கு இன்னும் ஒன்றிரண்டு வரிகளே மிச்சம் இருந்தன. சனிக்கிழமைக்கு முன் இந்த அறை மறுபடி கிடைக்காது.

“விழுங்குற சத்தம் இருந்தா இருக்கட்டும்,” என்றாள். “மேல அடுக்கு போட்டா மறஞ்சிரும்.”

மறையவில்லை. இரண்டாம் அடுக்கில் அது இரண்டு வாய்களானது. பிரவின் அதைப் பிடித்துக்கொண்டான். அந்த ஓசை விழும் இடத்தில் சரியாகக் காலால் பெரிய டிரம்மை அழுத்தினான். “நல்லா ஈரமா இருக்கு லா,” என்று சிரித்தான். தாளத்தோடு சேர்ந்தபோது அது உண்மையிலேயே இசையைப் போலத்தான் ஒலித்தது. அதுதான் அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

மூன்றாம் அடுக்குக்கு மேல்ஸ்தாயியில் ஏறினாள். ஏறும் வழியிலேயே குரல் உடைந்தது. துணி கிழிவது போன்ற ஓசை, பிறகு வெறும் காற்று. பிரவின் தலை குனிந்துகொண்டான். அவன் பார்க்காமல் இருந்ததுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. அழிப்பதற்காக விரலை நீட்டினாள்.

சுற்று திரும்பியது. உடைந்த இடத்தில் குரல் உடையவில்லை.

அது ஏறியது. அவள் விட்ட இடத்திலிருந்து, பிசிறில்லாமல், எண்ணெய் தடவிய நூலைப் போல வழுக்கி ஏறி, உச்சியில் நின்று அசைந்தது. அவளுடைய குரல்தான். கத்தி படுவதற்கு முன் அவளிடம் இருந்த குரல். இனி ஒருபோதும் கேட்கப்போவதில்லை என்று மருத்துவமனைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தபடி அவள் அழுத குரல்.

“புனி,” என்றான் பிரவின் மெல்ல. “எப்படி பண்ண?”

அழிப்பதற்காக அவள் நீட்டிய விரல் திரையின் மேலேயே நின்றது. மைக்கை அடைக்கும் பொத்தான் அதன் அருகிலேயே இருந்தது. கமலநாதனின் உதடுகள் நினைவுக்கு வந்தன. அந்த வெள்ளை இழை நினைவுக்கு வந்தது. ஆனால் குரல் இன்னொரு முறை ஏறியது, முன்பைவிட அழகாக.

அவள் அழிக்கவில்லை. மைக்கை அடைக்கவும் இல்லை. நான்காம் அடுக்கைத் திறந்து, வாயை மூடிக்கொண்டு, அறையை மட்டும் பாடவிட்டாள்.

அறை பாடியது.

ஒவ்வொரு சுற்றிலும் குரல் நெருங்கி வந்தது. முதலில் ஸ்பீக்கரிலிருந்து. பிறகு ஸ்பீக்கருக்கு மேலிருந்து. பிறகு கூரையிலிருந்து. பிரவின் கண்களை மூடிவிட்டான். ஹெட்போனுக்குள் முழுவதுமாக இறங்கிப்போய், புன்னகையோடு வாசித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் இருந்த சிம்பல் தட்டின் மேல் ஏதோ சொட்டியது. சொட்டிய ஓசை எழவில்லை. சொட்டு அறுந்து விழாமல், கூரையின் இடுக்கிலிருந்து சிம்பல் வரை ஒரே இழையாக நின்றது. அவன் சிம்பலை அடித்தான். அது ஒலிக்காமல் சப்பென்றது.

இன்னொரு இழை அவன் தோளில் இறங்கியது. இன்னொன்று தலைமுடியில். மெல்லிய, வெதுவெதுப்பான, நுரை முடிச்சுகள் கோத்த இழைகள். காற்றுப் பட்டதும் அவை வெளுத்து இறுகின. அவன் கைகள் மட்டும் நிற்கவில்லை.

புனிதா திரையை அழுத்தினாள். நிறுத்து. சிவப்பு விளக்கு அணைந்தது. அலைக்கோடுகள் தட்டையாகின. சுற்று நின்றுவிட்டது.

பாட்டு நிற்கவில்லை.

பிரவினும் நிற்கவில்லை. அவனுடைய ஹெட்போன் கம்பி ஒலி மிக்சரிலிருந்து கழன்று தரையில் கிடந்தது. எப்போது கழன்றது என்று தெரியவில்லை. அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

கத்த வேண்டும். அவன் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும். வாயைத் திறந்தாள். வாய் நிறைந்திருந்தது. நாக்கின் அடியிலிருந்து, கன்னங்களின் உட்புறத்திலிருந்து, ஊறி ஊறித் தடித்த எச்சில். உப்பும் இறகும் கலந்த சுவை. காற்றுகூட வெளியே வரவில்லை.

“பிரவின்,” என்று அவளுடைய குரல் அவனை அழைத்தது. கூரையிலிருந்து. தெளிவாக, அன்பாக. “இன்னொரு தடவ போலாமா?”

“ஓகே லா,” என்றான் அவன், கண்களைத் திறக்காமல். அவனுடைய இமைகள் மேலிருந்து கீழ்வரை வெள்ளையாக ஒட்டியிருந்தன.

கூரை அட்டை ஒன்று ஓசையில்லாமல் விலகியது. உள்ளே விளக்கில்லை. வெளுத்த, நரம்போடிய, கிண்ணம் போல வளைந்த ஒன்றின் விளிம்பு தெரிந்தது. அதில் நீள முடிகள் பதிந்திருந்தன. விளிம்பு விரிந்தது. சுருங்கியது. தாளம் தவறாமல்.

புனிதா விரல்களை வாய்க்குள் விட்டு அந்த எச்சிலைப் பிடித்து இழுத்தாள். வந்தது. இழுத்தாள். இன்னும் வந்தது. கை நீளத்துக்கு வந்தது. துப்பப் பார்த்தாள், அறுக்கப் பார்த்தாள், பல்லால் கடித்தாள். அறுபடவில்லை. அது தரையை நோக்கித் தொங்கவில்லை. மேலே போனது. அவள் நாக்கிலிருந்து கூரையின் இருட்டு வரை விறைத்து நின்றது. பிரவின் தட்டுகிற ஒவ்வொரு தட்டுக்கும் அது தந்தியைப் போல அதிர்ந்தது. அதிரும்போதெல்லாம் மேலே அவள் குரல் இன்னும் இனிமையாகப் பாடியது.

வரி முடிந்தது. அந்தச் சின்ன மௌனம் வந்தது.

அதில், சரியாகத் தன் இடத்தில், அவள் தொண்டை தானாகவே அசைந்து விழுங்கியது.